மொரோக்கோவின் சாயத் தெருக்கள்

மொரோக்கோ நாட்டின் பழைய நகரங்களில் துணிக்கும் நூலுக்கும் சாயம் தோய்ப்பவர்களுக்கென்று தனித் தெரு உண்டு. அரபு மொழியில் அதை 'சூக் அஸ்-ஸப்பாகீன்' என்று அழைப்பர். சூக் என்றால் சந்தை அல்லது கடைத்தெரு. ஸப்பாகீன் என்றால் சாயக்காரர்கள். மராக்கேஷ் நகரில் இத்தெரு முவாசின் பள்ளிவாசலுக்கு அருகில் உள்ளது. ஃபெஸ் நகரில் ஆற்றை ஒட்டி உள்ளது. தலைக்கு மேல் மூங்கில் கழிகளில் தொங்கும் வண்ணக் கம்பளி நூல்களைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகின்றனர்.

வழிகாட்டி இல்லாமல் தனியே வரும் பயணியிடம் கடைக்காரர் பெரும்பாலும் ஒரே செய்தியைச் சொல்வார்: இந்த நிறங்கள் எல்லாம் செடி கொடியிலிருந்து எடுத்தவை, தொன்றுதொட்டு வருபவை. இது எந்த அளவுக்கு உண்மை என்பதை நிறத்தைப் பார்த்துமட்டும் அறிய முடியாது. அதற்கு மொரோக்கோச் சாயங்களின் வரலாற்றை அறிய வேண்டும்.

நகரச் சந்தையும் வாரச் சந்தையும்

மொரோக்கோவில் இருவகைச் சந்தைகள் உள்ளன. ஒன்று, மதில் சூழ்ந்த பழைய நகரத்திற்குள் ஆண்டு முழுவதும் இயங்கும் கடைத்தெரு. இதில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு. செம்புக் கொல்லர், தோல் பதனிடுவோர், சாயக்காரர் எனத் தனித்தனியே அமர்ந்திருப்பர். ஒவ்வொரு தொழிலுக்கும் 'அமீன்' எனப்படும் தலைவர் இருந்தார். எடை, அளவு, சரக்கின் தரம் ஆகியவற்றை 'முஹ்தஸிப்' என்ற சந்தை அதிகாரி கண்காணித்தார்.

மற்றொன்று கிராமப்புற வாரச் சந்தை. நம் ஊர்களில் வெள்ளிச் சந்தை, செவ்வாய்ச் சந்தை என்பதுபோல அங்கும் கிழமையே சந்தையின் பெயர். 'அல்-அஹத்' ஞாயிறு, 'அத்-தினைன்' திங்கள், 'அல்-அர்பஆ' புதன். சந்தை கூடிய இடங்கள் பின்னர் ஊர்களாக வளர்ந்தபோது கிழமைப் பெயரே ஊர்ப் பெயராயிற்று. கெமிஸ்ஸெத் என்ற நகரின் பெயர் வியாழக்கிழமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

சாயத் தொழிலும் இவ்வாறே இரண்டாகப் பிரிந்திருந்தது. நகரத்தில் அது ஆண்களின் தொழில். அட்லஸ் மலைக் கிராமங்களில் பெர்பர் இனப் பெண்கள் தங்கள் வீட்டுத் தறிக்குத் தேவையான கம்பளியைத் தாமே நூற்றுத் தாமே சாயம் தோய்த்தனர். இந்த அறிவு பெரும்பாலும் எழுத்தில் இல்லை. தாயிடமிருந்து மகளுக்குக் கைப்பழக்கமாகவே சென்றது.

ஊதாத் தீவுகள்

மொரோக்கோவில் சாயத் தொழிலின் மிகப் பழைய சான்று கடற்கரையில் கிடைக்கிறது. இன்றைய எஸ்ஸௌயிரா நகருக்கு எதிரே அட்லாண்டிக் கடலில் மொகடோர் என்னும் சிறு தீவுகள் உள்ளன. அங்கு நடந்த அகழாய்வில் கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பினீசியப் பானை ஓடுகள் கிடைத்தன.

ரோமப் பேரரசின் ஆதரவில் மௌரித்தேனியா நாட்டை கி.மு. 25 முதல் ஆண்டவர் இரண்டாம் ஜூபா. இவர் எகிப்திய அரசி கிளியோபாத்ராவின் மகள் செலீனியை மணந்தவர். இக்கடற்கரைத் தீவுகளில் ஊதாச் சாயப் பட்டறைகளை ஜூபா அமைத்ததாக ரோம அறிஞர் பிளினி எழுதியுள்ளார். கடல் நத்தையின் சுரப்பியிலிருந்து இச்சாயம் எடுக்கப்பட்டது. 1909இல் ஒரு வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயமே பெற முடிந்தது. இதிலிருந்து அதன் விலையை ஊகிக்கலாம்.

ஜூபாவின் மகன் தாலமி கி.பி. 40இல் ரோமப் பேரரசர் கலிகுலாவின் ஆணையால் கொல்லப்பட்டார். தாலமி அணிந்து வந்த ஊதாநிற மேலாடை மக்களின் கண்களைக் கவர்ந்ததே பேரரசரின் சினத்துக்குக் காரணம் என்று சுவெத்தோனியுஸ் என்ற வரலாற்றாசிரியர் கூறுகிறார். காரணம் எதுவாயினும், நிறம் அக்காலத்தில் அதிகாரத்தின் அடையாளமாக இருந்ததை இச்செய்தி காட்டுகிறது.

ஃபெஸ் நகரின் சாயப் பட்டறைகள்

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபெஸ் நகரம் உருவானது. நகருக்குள் ஓடும் ஆறு பல கால்வாய்களாகப் பிரிந்து வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் ஆலைகளுக்கும் நீர் தந்தது. சாயக்காரர்களும் தோல் பதனிடுவோரும் நகரின் தாழ்ந்த பகுதியில் ஆற்றோரம் அமர்ந்தனர். நீர் தாராளமாகக் கிடைத்ததும், கழிவு மேல்புற மக்களின் குடிநீரில் கலவாமல் போனதும் இதற்குக் காரணங்கள்.

14ஆம் நூற்றாண்டில் இப்னு அபீ ஸர் எழுதிய 'ரவ்ழுல் கிர்தாஸ்' என்னும் வரலாற்று நூல், அல்மொகத் மன்னர்கள் காலத்தில் ஃபெஸ் நகரில் 116 சாயப் பட்டறைகளும் 86 தோல் பதனிடும் இடங்களும் இருந்ததாகக் குறிப்பிடுகிறது.

16ஆம் நூற்றாண்டில் இந்நகரைப் பற்றி விரிவாக எழுதியவர் அல்-ஹசன் அல்-வஸ்ஸான். ஸ்பெயினின் கிரனாடாவில் பிறந்து ஃபெஸ் நகரில் வளர்ந்தவர். 1518இல் கடற்கொள்ளையரிடம் சிக்கினார். ரோமில் போப் பத்தாம் லியோவிடம் ஒப்படைக்கப்பட்டு, திருமுழுக்குப் பெற்று, லியோ ஆப்பிரிக்கானுஸ் என்ற பெயரால் அறியப்பட்டார். 1526இல் அவர் முடித்த ஆப்பிரிக்கா பற்றிய நூல் 1550இல் வெனிஸ் நகரில் அச்சானது. ஆற்றோரத்துச் சாயக்காரர்களையும், தெற்கே தரா பள்ளத்தாக்கில் விளைந்த அவுரியையும், ஃபெஸ் வணிகர்கள் பண்டமாற்றாக அதை வாங்கியதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

சாயப் பொருள்கள்

வேர், பூ, ஓடு, பூச்சி என்று பலவற்றிலிருந்தும் சாயம் எடுக்கப்பட்டது.

சிவப்பு: முதன்மையானது மஞ்சிட்டி வகைச் செடியின் வேர். அரபியில் 'ஃபுவ்வா'. இதனுடன், ஓக் மரத்தில் வாழும் கெர்மெஸ் என்னும் பூச்சியை உலர்த்தி எடுத்த சிவப்பும் இருந்தது. அதன் அரபுப் பெயர் 'கிர்மிஸ்'. புழு என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து இது வந்தது. அச்சொல்லும் தமிழில் நாம் வழங்கும் 'கிருமி' என்ற வடசொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. மெக்சிகோவில் கள்ளிச் செடியில் வளரும் கொச்சினீல் பூச்சி 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பிய வணிகர் வழியே வந்து, கெர்மெஸின் இடத்தைப் பிடித்தது.

மஞ்சள்: குங்குமப்பூ, மாதுளை ஓடு, ரெசீடா என்னும் செடி ஆகியவை பயன்பட்டன. அட்லஸ் மலைத்தொடரின் தென்புறத்தில் உள்ள தாலியூவின் பகுதி குங்குமப்பூவுக்குப் பெயர்பெற்றது. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் தேவை. ஆகவே எல்லா மஞ்சளும் குங்குமப்பூ மஞ்சள் அன்று. அது வசதி உள்ளவர்களின் மஞ்சள்.

கறுப்பும் பழுப்பும்: அக்ரூட் மரப்பட்டையும், இரும்பு உப்புடன் சேர்த்த மாதுளை ஓடும் இந்நிறங்களைத் தந்தன. இரும்பு நாளடைவில் கம்பளி இழையை அரிக்கும். பழைய கம்பளங்களில் கறுப்புப் பகுதி முதலில் தேய்ந்திருப்பது இதனால்தான்.

பச்சை: தனிச் சாயம் இல்லை. மஞ்சளில் தோய்த்த நூலை மீண்டும் நீலத்தில் தோய்த்தால் பச்சை கிடைக்கும். இரண்டு சாயம், இரட்டை உழைப்பு.

மஞ்சிட்டி, மாதுளை போன்றவை நூலில் உறுதியாகப் பற்ற ஒரு துணைப்பொருள் வேண்டும். அதற்கு நிறமூன்றி என்று பெயர். மொரோக்கோவில் பெரும்பாலும் படிகாரம் பயன்பட்டது. ஒரே மஞ்சிட்டி வேர் படிகாரத்துடன் செங்கல் சிவப்பையும் இரும்புடன் கருஞ்சிவப்பையும் தரும். எனவே சாயக்காரரின் திறமை செடியை அறிவதில் மட்டும் இல்லை. நீர், சூடு, காரம் ஆகியவற்றின் அளவை அறிவதிலும் இருந்தது.

நீலமும் அவுரியும்

மொரோக்கோ அரபியில் அவுரிச் சாயத்தின் பெயர் 'நீலா'. வடமொழி 'நீல' என்ற சொல் பாரசீகம் வழியே அரபிக்குச் சென்றது. சரக்கு சென்ற வழியிலேயே அதன் பெயரும் சென்றது.

அவுரிச் சாயம் நீரில் கரையாது. அதை மண் தாழியிலோ தொட்டியிலோ சாம்பல் நீர் அல்லது சுண்ணாம்புடன் நொதிக்கவைக்க வேண்டும். நொதிப்பதற்குப் பேரீச்சை, அத்தி போன்ற இனிப்புப் பழங்களைச் சேர்ப்பர். அத்தொட்டியிலிருந்து எடுக்கும் நூல் முதலில் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும். சூடு கூடினாலோ குறைந்தாலோ தொட்டி கெட்டுவிடும். பல நாள் உழைப்பு வீணாகும் என்பதால் இதைச் சுற்றி நம்பிக்கைகள் பல வளர்ந்தன. தொட்டி சரிவர நொதிக்காதபோது அட்லஸ் மலைப் பெண்கள் நம்பமுடியாத பொய்களை வாய்விட்டுச் சொல்வார்களாம். அதனால் தீய சக்திகள் ஏமாந்து விலகும் என்பது நம்பிக்கை.

சகாரா பாலைவன மக்கள் அவுரி நீலத்தைப் பெரிதும் விரும்பினர். துணியின் சாயம் தோலில் ஒட்டுவதால் அவர்களை 'நீல மனிதர்கள்' என்று அழைத்தனர். இந்த விருப்பத்தில் தமிழ்நிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலப் பருத்தித் துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் 'கினே' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தனர். மொரோக்கோவுக்குத் தெற்கே செனகல் ஆற்றங்கரையில் மூர் இன மக்கள் கருவேல் இனமரப் பிசினைக் கொடுத்து அத்துணியை வாங்கினர். 19ஆம் நூற்றாண்டில் அங்கு அது நாணயம்போலவே வழங்கியது.

செயற்கைச் சாயத்தின் வருகை

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் அனிலினிலிருந்து முதல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868இல் மஞ்சிட்டியின் நிறப்பொருளான அலிசரின் ஆய்வகத்தில் உருவானது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை அவுரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. அனிலின் என்ற பொருள் முதலில் அவுரியைக் காய்ச்சி வடித்தே பெறப்பட்டது. 'அன்-நீல்' என்ற அரபுச் சொல் போர்த்துக்கீசிய மொழியில் 'அனில்' ஆகி, அதிலிருந்து அனிலின் ஆயிற்று. அவுரியின் பெயரைத் தாங்கிய பொருளிலிருந்தே இயற்கைச் சாயங்களை ஒதுக்கிய தொழில் தொடங்கியது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பொடிகள் துறைமுகங்கள் வழியே மொரோக்கோச் சந்தைகளுக்கு வந்தன. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. விறகும் நீரும் மிச்சமாயின. தறி, வயல், ஆடு, பிள்ளைகள் என்று அனைத்தையும் பார்த்த மலைப் பெண்களுக்கு அது பெரும் விடுதலை. ஆனால் தொடக்ககாலச் செயற்கைச் சாயங்கள் வெயிலில் விரைவில் வெளுத்தன. பளிச்சென்ற ஊதாச் சிவப்பு சில ஆண்டுகளில் சாம்பல் நிறமானது. இன்று ஆய்வாளர்கள் பழைய கம்பளங்களின் காலத்தைக் கணிக்க இந்த வெளுத்த நிறங்களையே ஒரு தடயமாகக் கொள்கின்றனர்.

பிரெஞ்சு ஆட்சியும் முத்திரையும்

1912இல் மொரோக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆட்சியின்கீழ் வந்தது. 1919இல் வெளியான அரசாணை ஒன்று கம்பளங்களுக்கு அரசு முத்திரை வழங்க வகைசெய்தது. கம்பளம் எங்கு நெய்யப்பட்டது, தரமானதா, உள்ளூர்த் தன்மை உடையதா என்பவற்றுக்கு அது சான்று. உள்நாட்டுக் கலைத் துறையின் தலைவரான ப்ரோஸ்பெர் ரிகார், 1923 முதல் 1934 வரை நான்கு தொகுதிகளாக மொரோக்கோக் கம்பளங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

இம்முயற்சியால் பல வடிவங்கள் அழியாமல் பதிவாயின. எனினும் எது மரபு, எது மரபன்று என்பதை நெய்பவர் அல்லாத ஓர் அலுவலகம் முடிவு செய்யும் நிலையும் உண்டாயிற்று. காலந்தோறும் புதிய நிறங்களை ஏற்றுவந்த ஒரு கலை, குறிப்பிட்ட ஒரு காலத்தின் மாதிரியில் நிற்குமாறு எதிர்பார்க்கப்பட்டது.

தனிப் பயணி அறிய வேண்டியவை

இன்று நகரச் சாயத் தெருக்களில் தொங்கும் நூல்களில் பெரும்பகுதி செயற்கைச் சாயம் ஏற்றியது. கடைகளில் கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் பொடிகளில் செடிப்பொருளும் உண்டு, ஆலைப்பொருளும் உண்டு. 'கள்ளிப்பட்டு' என்று விற்கப்படும் 'சப்ரா' துணியும் பெரும்பாலும் விஸ்கோஸ் என்னும் செயற்கை இழையே.

சில எளிய சோதனைகள் உதவும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். அவுரி மட்டும் இதற்கு விலக்கு. நல்ல அவுரியும் சற்று ஒட்டும். கம்பளத்தின் இழைகளை விரித்து அடிப்பகுதியின் நிறத்தை மேற்பகுதியுடன் ஒப்பிடலாம். குங்குமப்பூவை வெதுவெதுப்பான நீரில் இட்டால் நீர் மெல்ல மஞ்சளாகும், இழை சிவப்பாகவே இருக்கும். நீர் உடனே சிவந்தால் அது போலி. ஆயினும் நல்ல செயற்கைச் சாயத்தைக் கண்ணால் பிரித்தறிவது அரிது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

எனவே 'இது செடிச் சாயமா?' என்ற கேள்வியைவிட, 'யார் தோய்த்தார்கள், எந்த ஊரில், எதைக் கொண்டு?' என்ற கேள்வி பயன் தரும். தோய்த்தவரே விற்கும் இடத்தில் இதற்கு விடை கிடைக்கும். பல கை மாறி வந்த கடையில் அது கிடைப்பது கடினம்.

இன்றைய நிலை

ஃபெஸ் பழைய நகரம் 1981இலும் மராக்கேஷ் பழைய நகரம் 1985இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தெருக்கள் காக்கப்படுகின்றன. ஆனால் சாயத் தொட்டி அருகே நின்று வேலை பழகும் இளைஞர் குறைந்துவிட்டனர். மறுபுறம், கம்பள நெசவுக்குப் பெயர்பெற்ற தஸ்னாக்த் போன்ற மலைப் பகுதிகளில் பெண்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து மஞ்சிட்டி, மாதுளை, மருதாணி ஆகியவற்றைக் கொண்டு மீண்டும் தோய்க்கின்றனர். இடைத்தரகர் இன்றி விற்றால் உழைப்புக்கேற்ற விலை நெய்தவருக்கே சேரும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

மொரோக்கோச் சந்தையின் நிறங்கள் எக்காலத்திலும் உள்ளூர் மண்ணில் மட்டும் பிறந்தவை அல்ல. கீழைநாட்டு அவுரி, மெக்சிகோவின் பூச்சி, ஜெர்மனியின் பொடி என்று வந்த அனைத்தையும் அந்தத் தெரு ஏற்றுக்கொண்டது. ஆலைச் சாயமே அங்கு நூறாண்டைக் கடந்துவிட்டது. அழியும் நிலையில் இருப்பது செடியன்று. அவுரியும் மஞ்சிட்டியும் இனியும் விளையும். தொட்டியின் மணத்தையும் நுரையையும் கண்டே அது பக்குவமா என்று சொல்லும் மூத்த பெண்களின் அறிவுதான் எழுதப்படாமல் போகும் நிலையில் உள்ளது. அதைக் கற்றுக்கொள்ளும் மகளுக்கு அத்தொழிலில் பிழைப்பும் கிடைத்தால்தான் அது நிலைக்கும்.