ஒரு படத்துள் பல கணங்கள்



கடலையும் வானையும் ஒருங்கே படம்பிடிப்பது 1850களில் ஒளிப்படக் கலைஞருக்குப் பெரியதோர் இடர்ப்பாடாக இருந்தது. 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டிற் பூசிய மருந்து நீல ஒளியை மிக விரைவிற் பற்றிக்கொள்ளும். கடல் தெளிவாகப் பதியும்வரை ஒளியை விட்டால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். முகிலுக்காக ஒளியைக் குறைத்தாலோ கடல் இருண்டுவிடும்.

இதற்கொரு வழி கண்டவர் ஓவியம் பயின்ற பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிறே. செத் என்னும் துறைமுகத்தில் 1857இல் அவர் ஆக்கிய 'பேரலை' என்ற படம் இரண்டு தகடுகளின் சேர்க்கை. கடலுக்கு ஒன்று, வேறொரு வேளையில் எடுத்த வானத்துக்கு ஒன்று. இரண்டையும் தொடுவானக் கோட்டில் இணைத்து ஒரே தாளிற் பதித்தார். ஒரே வானத்தை வேறு கடல்களுக்கும் பொருத்தியதுண்டு. அவ்வளவு துணிச்சல்!

இன்று கையடக்கத் தொலைபேசியின் கமராவும் இவ்வழியையே நாடுகிறது. அதன் வில்லை சிறிது, ஒளியை வாங்கும் தகடும் சிறிது. மழை தூறத் தொடங்கும்போது முற்றத்திற் சிரட்டைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் மூன்று துளி விழும், அடுத்ததில் ஐந்து விழும். பெருமழையில் இவ்வேறுபாடு கண்ணிற் படாது. ஒளியும் துளித்துளியாகவே வருவது. இருட்டில் எடுத்த படம் புள்ளி புள்ளியாகத் தோன்றுவதற்கு இது முதன்மையான காரணம். வானொலியின் கரகரப்புக்கு உரிய 'இரைச்சல்' என்ற பெயரையே பொறியியலார் இதற்கும் வழங்குகின்றனர். நமக்கு அது எளிதில் விளங்கும்.

ஒரே காட்சியைப் பலமுறை எடுத்துச் சராசரி கண்டால் இரைச்சல் அடங்கும். 9 படங்களைச் சேர்த்தால் மூன்றிலொன்றாகும். 16 படங்களுக்கு நாலிலொன்று. கூகிள் நிறுவனத்தார் 2013இல் வெளியிட்ட முறை இதுவே. வானம் வெளிறாதபடி ஒளியைக் குறைத்தே பல படங்களை விரைந்தெடுத்து, கைநடுக்கத்தால் விலகியவற்றைப் பொருத்தி, ஒன்றாக்கி, பின்னர் நிழற்பகுதிகளை மட்டும் வெளிச்சமாக்குவது. 2016இல் வந்த பிக்சல் தொலைபேசியிலோ, விரல் பொத்தானைத் தொடுமுன்பே படங்கள் நினைவகத்திற் சேர்ந்துகொண்டிருந்தன!

2018இல் இரவுக் காட்சிக்கென வந்த முறை 15 படங்கள் வரை சேர்த்தது. அப்போது புதியதொரு சிக்கல் எழுந்தது: நள்ளிரவும் நண்பகல்போலத் தெரிந்தது. அதனை ஆக்கியோர் ஓவியரிடம் சென்றனர். 18ஆம் நூற்றாண்டில் ஜோசப் ரைட் என்பார் இருளிடையே விளக்கொளியைத் தீட்டிய விதத்தை நோக்கி, நிழல்களை மீண்டும் கருமையாக்கினர். அவர்கள் செய்தது பொய்யன்று என்பேன். நம் கண் கண்ட இரவை அது மீட்டுத் தந்தது. ஆனால் 2023இல், ஒரு தொலைபேசி எடுத்த நிலவின் படத்தில், கணினி முன்பு கற்றறிந்த நுண்விவரங்களும் கலந்திருப்பது பெரும் விவாதமாயிற்று. அங்கே லெ கிறேயின் வேற்று வானம் திரும்பி வந்துவிட்டது.

அடுத்தமுறை விளக்கொளியில் ஆடும் குழந்தையைப் படமெடுத்தால், அதன் கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அசைந்த பகுதி மற்றப் படங்களோடு ஒவ்வாமையால், கணினி அவற்றைத் தள்ளி ஒன்றை மட்டும் அங்கே வைத்திருக்கக்கூடும். சுவர் வழவழப்பாயிருக்க, கையில் மட்டும் புள்ளிகள் தெரியும். அந்த இடம் ஒரே கணத்திற்குரியது.