தங்கமில்லாத பொன் பீங்கான்

எமது மதுரங்குளி வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் உம்மும்மாவின் பீங்கான் ஒன்று இருந்தது. கந்தூரிக்கும் கத்தத்துக்கும் மட்டுமே வெளியே வரும். விளிம்பைச் சுற்றித் தங்கக் கோடு. "சாம்பல் போட்டுத் தேய்க்காத புள்ள, தங்கம் போயிரும்" என்று உம்மாவை எச்சரிப்பார். அவர் பயந்தபடியே கோடு போயிற்று. மெருகின் மேல் பூசிய மெல்லிய தங்கம், தேய்ந்தால் போகத்தானே செய்யும்.

தேய்த்தால் துலங்கும் வேறொரு பொன் பீங்கானைப் பற்றிய தேடலை எனக்குத் தொடக்கி வைத்தவர் இப்னு பதூதா. 1344இல் புத்தளத்தில் கரையிறங்கி, பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டவர் அவர். வழியில் அவர் குறிப்பிடும் பந்தர் சலாவாத், சிலாபமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அது சரியெனில் எமதூர்ப் பக்கமாகவே போயிருக்க வேண்டும். அதே மனிதர் சில வருடங்களின் பின் அந்தலூசியாவின் மாலகாவில், தூரதேசங்களுக்கு ஏற்றுமதியாகும் பொன்னிறப் பாண்டங்களைக் கண்டு வியந்து எழுதுகிறார்.

அந்தப் பொன்னில் தங்கமே இல்லை. வெள்ளியும் செம்பும்தான். 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸியர்கால ஈராக்கின் குயவர்கள் பீங்கானில் தொடங்கிய வேலை இது. காஷான் நகரக் குயவர் குடும்பத்து அபுல் காஸிம் 1301இல் செய்முறையை எழுதி வைத்தார்: வெள்ளி, செம்பு முதலியவற்றை அரைத்து, திராட்சைச் சாற்றிலோ காடியிலோ குழைத்து, ஏற்கெனவே சுட்ட மெருகுப் பாண்டத்தில் தீட்டி, மீண்டும் சூளையில் மூன்று நாள் இளம்புகையில் வைக்க வேண்டும். ஆறியபின் ஈரமண்ணால் தேய்த்தால் பொன் வெளிப்படும்.

மண்ணால் தேய்த்தும் அது ஏன் போகவில்லை? உலோகம் மெருகின் மேல் இல்லை, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வெள்ளி, செம்பு அயன்கள் மெருகிலுள்ள சோடிய, பொட்டாசிய அயன்களின் இடத்தைப் பிடித்து உள்நுழைகின்றன. ஒட்சிசனைப் பறிக்கும் புகையில் உலோகமாகி, நுண்ணுருண்டைகளாகத் திரள்கின்றன. பல 5 முதல் 20 நனோமீற்றர் அளவானவை. மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகக் கூறிட்டால் ஒரு கூறுதான் நனோமீற்றர். அத்தனை சிறிய உருண்டைக்குள் அடைபட்ட இலத்திரன்கள், ஒளி பட்டதும் ஒருமித்து ஊசலாடுகின்றன. அதனால் வெள்ளி ஊதா ஒளியை விழுங்கி மஞ்சளாகவும், செம்பு பச்சையை விழுங்கிச் சிவப்பாகவும் தெரிகின்றன. உருண்டைகள் நெருங்கிக் கிடந்தால் உலோகப் பளபளப்பும் சேர்கிறது.

பொன், வெள்ளிப் பாத்திரத்தில் உண்பது விலக்கப்பட்டதால் இக்கலை பிறந்தது என்பர் சிலர். அழகான விளக்கம், முழுவதும் நம்ப எனக்குத் தயக்கம். கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சூழ்ந்த 9ஆம் நூற்றாண்டு ஓடுகளும் இவ்வகைதான். அவற்றில் யார் உண்டார்?

நம்மவர்கள் அன்றே நனோ விஞ்ஞானம் அறிந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குவோரையும் கேட்டிருக்கிறேன். நுண்ணிய தங்கத் துணிக்கைகளின் நிறங்களை ஃபரடே ஆராய்ந்தது 1857இல். குஸ்தாவ் மீ கணிதத்தால் விளக்கியது 1908இல். காஷான் குயவருக்குத் தெரிந்தது துணிக்கை அல்ல, புகை. எவ்வளவு புகை, எவ்வளவு சூடு, எப்போது நிறுத்துவது. அதுவும் இலகுவில் வசப்படவில்லை. இக்கலை இத்தாலி போய்ச் சேர்ந்த பின், 16ஆம் நூற்றாண்டில் பிக்கோல்பாஸோ எழுதுகிறார்: சூளையிலிட்ட நூறில் ஆறு தேறுவதே அரிது.