அவள் கொடுத்த விலை

கென்யாவின் எனூசேன் கிராமத்து மசாய்ச் சிறுமி ககென்யா என்டையா. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவள். ஐந்து வயதிலேயே அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள். பிறப்புறுப்புச் சிதைப்புச் சடங்கு நடந்துவிட்டால் பெண்ணின் படிப்பு நின்றுவிடும், அடுத்தது திருமணம். பதின்வயதில் தந்தையிடம் அவள் பேரம் பேசினாள்: சடங்குக்கு உடன்படுகிறேன், உயர்நிலைப் பள்ளியை முடிக்க விடுங்கள், மறுத்தால் ஓடிப்போவேன். தந்தை இணங்கினார். கத்தியைத் தாங்கித்தான் அவள் பள்ளிக்குத் திரும்பினாள்.

பின்னர் அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்றார். இதைச் சாதனைக் கதையாக மட்டும் வாசித்தால் அந்தப் பேரம் மறைந்துபோகும். அவர் மறக்கவில்லை. 2009இல் சொந்த ஊரில் சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கினார். சடங்கும் இளவயதுத் திருமணமும் செய்யமாட்டோம் என்று பெற்றோர் உறுதி தந்தால்தான் அங்கே இடம். கென்யா அச்சடங்கைத் தடைசெய்து தனிச்சட்டம் இயற்றியது 2011இல்தான்.