குட்டமும் நுண்ணோக்கியும்

தோலில் தோன்றும் தடிப்பு, நிறமாற்றம், உணர்வற்ற படை ஆகிய பலவற்றையும் நம் முன்னோர் குட்டம் என்னும் ஒரே பெயரில் அடக்கினர். அதனுள் 18 வகை உண்டென்று பழைய மருத்துவ நூல்கள் வகுத்தன. கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் செய்த பாகுபாடு அது. அக்காலத்துக்குச் சிறிய அறிவன்று. ஆயினும், பல நோய்க்கு ஒரு பெயர் வழங்கினால் ஒன்றன் பழி மற்றொன்றின்மேல் விழும்.

அப்பழி எளியதன்று. சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனை 1909 வரை சிராங்கூன் சாலையை ஒட்டிய பாலஸ்டியர் வெளியில் இயங்கிற்று. தொழுநோயாளரும் அங்கே வைக்கப்பட்டனர். 1897-இல் அவர்களைப் பிரித்து வைக்க நீரிணைக் குடியேற்றங்களில் சட்டமே பிறந்தது. பின்னர் இயோ சூ காங் பக்கம் எழுந்த விடுதி, 1950-இல் டிரபால்கர் இல்லம் எனப் பெயர் பெற்றது. நோயின் பெயர் ஒருவனை மனைவி மக்களிடமிருந்து பிரிக்குமாயின், அப்பெயர் சரிதானா என்று அறிவதினும் முதன்மையான கேள்வி வேறு யாது?

அதற்கு விடை காணும் வழியைத் திறந்தவர், 1873-இல் இந்நோய்க் கிருமியைக் கண்ட நார்வே நாட்டு ஹான்சன். தோலில் சிறு துண்டை எடுத்துப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், கிருமிகள் சிவந்த குச்சிகளாகத் தெரியும். ஆனால் பலரிடம் கிருமி அகப்படுவதில்லை! அங்கே மருத்துவர் நரம்பைத் தேடுவார். தோலிலுள்ள நுண்ணிய நரம்பினுள் அழற்சி அணுக்கள் புகுந்திருப்பின் ஐயம் பெரும்பாலும் நீங்கும்; வேறு தோல் நோய்கள் நரம்பை அவ்வாறு தாக்குவது அரிது.

இத்தகைய காட்சிகளை வரிசைப்படுத்தி ரிட்லி, ஜாப்லிங் என்னும் இருவர் 1966-இல் ஐவகைப் பாகுபாடு ஒன்றை வெளியிட்டனர். ஒரு முனையில் உடலின் எதிர்ப்பு வலிது. தற்காப்பு அணுக்கள் திரண்டு நிற்கும், கிருமி மிகச் சில. மறு முனையில் எதிர்ப்பு இல்லை. நுரைபோன்ற அணுக்களுள் கிருமிகள் செறிந்திருக்கும். இடையே மூன்று படிகள். கிருமி ஒன்றே, அதை ஏற்ற உடல்களே வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது கடினம்.

1982-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையை வகுத்தது. பிற்பாடு, படைகள் 5 வரையா, அதற்கு மேலா என்று எண்ணியே மருந்தின் காலத்தை முடிவு செய்யும் வழக்கம் வந்தது. கண்ணால் எண்ணும் பழைய முறைக்கே ஒருவகையில் திரும்பினோம்! திசுச் சோதனை, ஐயமுள்ள இடத்துக்கு நிற்கிறது.

இனி வெண்குட்டம் என்பதைப் பார்ப்போம். அதன் திசுவில் தொழுநோய்க் கிருமி இல்லை. நரம்பில் அழற்சி அணுக்களும் புகவில்லை. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் மறைந்துள்ளன, அவ்வளவே. அது தொற்றாது. தமிழ்நாட்டில் இன்று வெண்புள்ளி என்னும் சொல் பரவியிருக்கிறது. அகராதியிலோ பழைய பெயர் இன்னும் நிற்கிறது.