தாது வருடப் பஞ்சமும் தப்பியோர் சினமும்

கொங்கு நாட்டில் பட்டினிக்கு மறுபெயராகத் 'தாது வருசம்' என்னும் சொல் நெடுங்காலம் வழங்கிவந்தது. 1876இல் இரு பருவமழைகளும் பொய்த்தன. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணம் கண்ட பேரழிவில் கோவையும் சேலமும் சிக்கின. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 17.6 இலட்சமாக இருந்த கோவை மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16.6 இலட்சமாகக் குறைந்தது. நாமக்கல், திருச்செங்கோடு முதலிய கொங்குப் பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டமோ மூன்றரை இலட்சத்துக்கும் மேலாக இழந்தது.

மாண்டோரை அரசு ஏடுகள் ஒருவாறு எண்ணிவிட்டன. பிழைத்தோர் உள்ளம் என்னவாயிற்று என்பதற்கு அவற்றில் இடமில்லை. அங்கே அவர்கள் நிவாரணம் பெற்றோராகவோ குற்றம் புரிந்தோராகவோ மட்டுமே தோன்றுகின்றனர். தானியக் கொள்ளையும் திருட்டும் பெருகின, சிறைகள் நிரம்பின. ஈரோட்டுப் புலவர் செ. இராசு தேடித் தொகுத்த பஞ்சக் கும்மிகள் இல்லையேல், அக்காலத்து மக்களின் குரலைச் செவிமடுக்க நமக்கு வழி மிகக் குறைவு.

அச்சினத்தின் வேரை வானத்தில் மட்டும் தேடுவது தவறு. 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சத் தூதராக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகச் சுருக்கினார். உழைப்பவன் உயிர்தாங்க இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பம்பாய் மாகாணத்திலோ வேலையாட்கள் இக்கூலியை ஏற்க மறுத்துத் திரளாக வெளியேறினர். தன் கிணற்றில் கவலை ஓட்டிய குடியானவன், மாடும் நிலமும் இழந்து, சாலைக்குக் கல்லுடைக்க வந்து, 'இவன் உண்மையிலேயே பசித்தவன்தானா' என்ற ஐயத்தோடு அளந்து போடப்பட்ட தானியத்தைப் பெற்றான். மழை பொய்த்ததை அவன் விதியென ஏற்றிருக்கக்கூடும். இந்த அளவையை ஏற்க வேண்டிய கடமை அவனுக்கில்லை.

பேரிடரில் தப்பியோர் சினங்கொண்டால் 'ஸபுர் இல்லாதவர்கள்' என்று நம்மிடையே எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மண்ணறையருகே அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பொறுமையை எடுத்துரைத்தபோது, அவர்களை இன்னாரென்று அறியாத அப்பெண் கடிந்து பேசிவிட்டார். பெருமானார் மறுமொழி கூறாது அகன்றார்கள். பின்னர் உண்மையறிந்து அவர் தேடி வந்தபோதும், முதல் அதிர்ச்சியிலேயே பொறுமை வேண்டப்படுகிறது என்று உணர்த்தினார்களேயன்றி, அவர் சினந்ததைக் குற்றமாக்கவில்லை. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தோடு உளநலத்தையும் இணைத்து எழுதிய நூலில், கோபத்தைத் துயரம், அச்சம் ஆகியவற்றோடு சேர்த்து மருத்துவம் தேவைப்படும் நிலையாகவே ஆராய்கிறார். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளுள் ஒன்றாக எரிச்சலையும் சினவெடிப்பையும் இன்றைய மருத்துவமும் கணக்கில் கொள்கிறது.

ஆட்சியாளர் இதனை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதற்கு ஹிஜ்ரி 18இன் 'சாம்பல் ஆண்டு' நமக்குச் சான்று. அப்பஞ்சத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நெய்யையும் இறைச்சியையும் விலக்கினார்கள். திருட்டுக்குரிய கைவெட்டும் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். மற்றொரு வழக்கை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்துள்ளார். ஓர் எசமானரின் அடிமைகள் பிறரது ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். அவர்களை அவர் பட்டினி போட்டிருப்பதை உணர்ந்த கலீஃபா, தண்டத்தை எசமானர் மீதே திருப்பினார்கள். ஒட்டகத்தின் விலை நானூறு திர்ஹம். அவர் செலுத்த நேர்ந்ததோ எண்ணூறு.

2019 டிசம்பர் 2 அன்று, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் உயர்ந்த மதிற்சுவர் ஒன்று தலித் மக்களின் வீடுகள்மேல் சரிந்து 17 பேர் இறந்தனர். உறவினர்கள் நீதி கேட்டு உடல்களைப் பெற மறுத்துப் போராடினர். காவல்துறை தடியடி நடத்தியது. மழையைப் பற்றி அவர்கள் முறையிடவில்லை. அந்தச் சுவரை அவ்வளவு உயரத்திற்கு எழுப்பியவர் யார், எழுப்ப விட்டவர் யார் என்றே கேட்டனர். ஒட்டக வழக்கில் கலீஃபா எசமானரை நோக்கி எழுப்பிய வினாவும் இத்தகையதே.