காரை விற்றாச்சு... பாலிசி யாருக்கு?

ஒருவர் தன் காரை விற்கிறார். பாலிசி முடிய இன்னும் ஐந்து மாதம் பாக்கி. கட்டிய பிரீமியம் என்ன ஆகும்? வாங்கியவர் அடுத்த வாரமே யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்ட ஈடு கொடுப்பது யார்? கேட்பதற்கு எளிமையான கேள்விதான். ஆனால் இந்தியச் சட்டம் இதற்கு ஒரு தெளிவான பதிலுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது!

தொடக்கம் இங்கிலாந்தில்

இங்கிலாந்தின் 1930-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1931 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. உடனே ஒரு சிக்கல். காரோடு சேர்த்துப் பாலிசியையும் வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்று 1930-களிலேயே ஆங்கில நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. காப்பீடு என்பது காருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அல்ல, ஒரு மனிதருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. எப்படி ஓட்டுபவர், ஏற்கெனவே விபத்து செய்தவரா என்றெல்லாம் பார்த்துத்தான் நிறுவனம் அவரை ஏற்கிறது. அவருக்குப் பதிலாக முன்பின் தெரியாத ஒருவரை அதன் தலையில் கட்ட முடியாது.

வணிகவியல் மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் காப்பீட்டு நலன் கொள்கையும் இதையே சொல்கிறது. பொருள் அழிந்தால் யாருக்கு நஷ்டமோ அவர்தான் இழப்பீடு கேட்கலாம். காரை விற்றவருக்கு அந்தக் காரால் இனி நஷ்டம் இல்லை. வாங்கியவருக்கு நஷ்டம் உண்டு, ஆனால் பாலிசியில் அவர் பெயர் இல்லை. ஆக, இருவருமே கேட்க முடியாது!

இந்தியாவில்

இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல் வந்தது. ஆனால் அதில் கட்டாயக் காப்பீடு பற்றிய எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல்தான் அமலானது. வண்டி கை மாறினால் என்ன என்பதற்கு அதில் நேரடியான பதில் இல்லை. 1969-ல் திருத்தம் செய்து 103-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விற்பவர் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். 15 நாளுக்குள் நிறுவனம் மறுக்காவிட்டால் பாலிசி மாறியதாகக் கருதப்படும்.

விண்ணப்பிக்க மறந்துவிட்டால்? அங்கேதான் பிரச்சினை. பாலிசி காலாவதியாகிவிட்டது என்று நிறுவனங்கள் வாதாடின. உயர் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தன. இடையில் மாட்டிக்கொண்டவர் யார்? விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. சாலையில் நடந்துபோய் அடிபட்டவர்! அந்த வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

1988-ஆம் ஆண்டின் புதிய சட்டம் (1989 ஜூலை 1 முதல் அமல்) இதற்குத்தான் 157-வது பிரிவைக் கொண்டுவந்தது. வண்டி மாறிய தேதியிலிருந்தே சான்றிதழும் பாலிசியும் வாங்கியவர் பெயருக்கு மாறியதாகக் கருதப்படும். வாங்கியவர் 14 நாளுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாதிப் பாலிசி

அப்படியானால் எல்லாம் முடிந்ததா? இல்லை. 1990-களின் நடுவில் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. தானாக மாறுவது மூன்றாம் நபர் பாதுகாப்பு மட்டுமே. சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு வேண்டுமானால் நிறுவனத்தோடு தனியாக ஒப்பந்தம் வேண்டும். பிறகு 1999-ல் கோவிந்தன் வழக்கில், பழைய சட்டத்தின் கீழும்கூட, தகவல் தரவில்லை என்பதைக் காட்டி அடிபட்டவருக்கான பொறுப்பிலிருந்து நிறுவனம் தப்ப முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது.

2002-ல் வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளும் இதே வழியில் போயின. நோ க்ளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தம் இல்லை, ஆளுக்குச் சொந்தம் என்பதும் அதில் இருந்தது. விற்றவர் அதற்கான சான்றைப் பெற்றுத் தன் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். பழைய பாலிசியைத் தொடர்பவர் போனஸ் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். சலுகை 50 சதவீதம் வரை போவதால் இது சின்னத் தொகை இல்லை!

பெயர் யாருடையதோ...

எல்லாவற்றையும் விட முக்கியமானது 2018-ல் வந்தது. ஒரு கார் 2007-ல் விற்கப்பட்டு, பிறகு வரிசையாகக் கை மாறியது. ஆர்.சி. மட்டும் முதல்வர் பெயரிலேயே இருந்தது. 2009-ல் விபத்து, ஒரு உயிர் போனது. காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. யார் கொடுப்பது? பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். அடிபட்டவரை ஒவ்வொரு கையாகத் தேடி அலையவிட முடியாது என்பதே அதன் நியாயம். காரைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருடம் ஆனவர் தலையில் விழுந்தது பொறுப்பு!

இந்த வரலாற்றில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. 1930-களில் சட்டம் நிறுவனத்தின் பக்கமிருந்து, 'நான் யாரை ஏற்றுக்கொண்டேன்' என்று கேட்டது. பிறகு மெல்ல மெல்லச் சாலையில் அடிபட்டவரின் பக்கமிருந்து கேட்கத் தொடங்கியது. விற்றவர், வாங்கியவர் இருவரின் கடமைகளும் அதற்கேற்பவே அமைந்தன.

எனவே கார் விற்கும் நண்பர்களே, பணத்தை எண்ணி வாங்கியதோடு வேலை முடியவில்லை. படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போடுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறியதா என்று பாருங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், போனஸ் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வாங்குபவர்கள் 14 நாளை மறக்க வேண்டாம். சாவியைக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். பொறுப்பு கை மாறுவது பதிவேட்டில் பெயர் மாறும்போதுதான்.