கரை காக்கும் கிறிஸ்துமஸ் மரங்கள்

வீட்டுக்குள் ஊசியிலை மரம் ஒன்றை நிறுத்தி அலங்கரிக்கும் வழக்கம் ஏறக்குறைய நானூறு ஆண்டுப் பழமையுடையது. ஸ்ட்ராஸ்பர்க் நகர மக்கள் இவ்வாறு மரம் வைத்து, அதில் காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் தொங்கவிட்டனர் என்று 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. பண்டிகை முடிந்ததும் அம்மரம் என்ன ஆகும்? நெடுங்காலமாக அது அடுப்புக்கோ குப்பைமேட்டுக்கோதான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அதற்கு வேறொரு வேலை காத்திருந்தது. அது கடலைத் தடுத்து நிறுத்தும் வேலை!

லூசியானாவின் தென்பகுதி மிசிசிப்பி ஆற்றின் கொடை. ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்து பரப்பிய வண்டல், சுமார் ஏழாயிரம் ஆண்டுகளில் பரந்த சதுப்பு நிலமாக உருவாகியது. 1927ஆம் ஆண்டில் அந்த ஆறு பெருவெள்ளமாகப் பொங்கி ஊர்களை அழித்தது. மறு ஆண்டே வெள்ளத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆற்றின் இருமருங்கும் உயர்ந்த கரைகள் எழுந்தன. ஊர்கள் பிழைத்தன; ஆனால் சதுப்பு நிலம் பட்டினி கிடந்தது. அதற்குரிய வண்டல் ஆழ்கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டல் நிலம் தன் எடையாலேயே இறுகி மெல்லத் தாழும் இயல்புடையது. மேலே புது வண்டல் படியாவிட்டால் அது நீரில் மூழ்கிவிடும். எண்ணெய் எடுப்பதற்காக வெட்டிய கால்வாய்கள் வழியே உப்பு நீரும் உள்ளே புகுந்து, மண்ணைப் பிடித்திருந்த புற்களை மாய்த்தது. 1932 முதல் 2016 வரை அம்மாநிலக் கரையோரம் இழந்த நிலம் 4,833 சதுர கிலோமீட்டர். 1932இல் இருந்த கரையோர நிலத்தில் இது ஏறக்குறைய கால் பங்கு!

இதற்கு மாற்று என்ன? கடலோடு போராடிப் பழகிய நெதர்லாந்து மக்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டு வந்தனர். ஆழமற்ற கடற்கரையில் இரண்டு வரிசைகளாக மரக் கம்புகளை நட்டு, இடையே மெல்லிய குச்சிக் கட்டுகளைத் திணித்து வேலி அமைப்பார்கள். லூசியானா அறிஞர்கள் இம்முறையைப் பின்பற்ற விரும்பினர். குச்சிக் கட்டுகளுக்கு எங்கே போவது? ஒவ்வொரு ஜனவரியிலும் நியூ ஆர்லியன்ஸ் சுற்றுவட்டாரத் தெருக்களில் கிறிஸ்துமஸ் மரங்கள் குவிந்து கிடந்தனவே! 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து அவற்றைத் திரட்டிப் படகுகளில் கொண்டுசென்று வேலிகளில் அடுக்கலாயினர். 1990இல் நியூ ஆர்லியன்ஸ் நகர எல்லைக்குள் நிறுவப்பட்ட பேயூ சவாஜ் வனவிலங்குப் புகலிடத்தில், தேசியக் காவற்படையின் ஹெலிகாப்டர்கள் மரக்கட்டுகளைத் தூக்கிவந்து சதுப்பு நீரில் இறக்குகின்றன.

செத்த மரம் எப்படிக் கரையைக் காக்கும்? ஒரு குவளையில் கலங்கல் நீரை எடுத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள், மண் படியாது. அசையாமல் வையுங்கள், சிறிது நேரத்தில் மண் அடியில் தங்கும். வேலியும் இதையே செய்கிறது. நெருங்கிய கிளைகளும் ஊசியிலைகளும் அலையின் வேகத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆனால் சுவரைப்போல் நீரை முழுதும் மறிப்பதில்லை. வேலிக்குப் பின்னே அமைதியான நீரில் வண்டல் படிகிறது. நீர் ஆழம் குறைந்தால் புல் முளைக்கிறது. புல்லின் வேர் மண்ணை இறுகப் பிடிக்கிறது. கிளைகளின் இடுக்குகளில் இறாலும் நண்டும் சிறுமீன்களும் ஒதுங்கி வாழ்கின்றன. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மரத்தில் ஜிகினா இழையோ, வண்ணப் பூச்சோ, செயற்கைப் பனிப் பூச்சோ இருக்கலாகாது.

இவ்வேலிகளால் இழந்த நிலமெல்லாம் மீண்டுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மரங்கள் மட்கிப்போகும்; மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். பெரும்புயல் வந்தால் வேலியே சிதையும். மேலும், வேலி வண்டலை உண்டாக்குவதில்லை. வரும் வண்டலைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். ஆற்றின் வண்டலுக்கு ஈடாக எந்த மரமும் நிற்க முடியாது.

ஆயினும் குப்பை என்று ஒதுக்கிய மரம் ஒரு கையளவு மண்ணையேனும் தடுத்து நிறுத்துகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஆறு தானே செய்துவந்த பணி அது. இன்று அதன் ஒரு சிறு பகுதியைச் செய்யவே படகும் ஹெலிகாப்டரும் மனித உழைப்பும் தேவைப்படுகின்றன. ஆற்றுக்குக் கரை கட்டும்போது எதைக் காக்கிறோம் என்று மட்டுமன்றி, எதை இழக்கிறோம் என்றும் கணக்கிட வேண்டும் அன்றோ?